நண்பர் எடுத்த நீலி குறும்படம்: என்ன சொல்வது, எப்படிச் சொல்வது

கேள்வி: என் நண்பர் பழையனூர் நீலி கதையை 14 நிமிடக் குறும்படமாக எடுத்திருக்கிறார். கைக்காசு போட்டு, நான்கே இரவுகளில் எடுத்த படம். விழாக்களுக்கு அனுப்புவதற்கு முன் மனதில் பட்டதைச் சொல்லச் சொல்கிறார். சில இடங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தன. ஆனால் பயம் வரவில்லை, நடுவில் அலுப்பும் தட்டியது. அவர் மனம் நோகாமலும் அவருக்குப் பயன்படும்படியும் இதை எப்படிச் சொல்வது?

பதில்:

நண்பரிடம் கேட்டுவிட்டு எனக்கும் இணைப்பை அனுப்பினீர்கள், நன்றி. நேற்று இரவு விளக்கை அணைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு முறை பார்த்தேன். இன்று காலையில் இன்னும் இரண்டு முறை பார்த்தேன். குறும்பட எடிட்டிங்கில் பல வருடங்களாக இருக்கிறேன். "பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று படங்கள் வந்துகொண்டே இருக்கும். பொதுவாகப் பேசுவதைவிட இந்தப் படத்தையே வைத்துச் சொன்னால் உங்களுக்கும் எளிது.

முதலில் அவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். படம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ரஃப் கட், அதாவது இன்னும் மாற்றக்கூடிய தோராயமான எடிட் என்றால் காட்சியின் நீளம், வரிசை, எதை எடுத்துவிடலாம் என்றெல்லாம் பேசலாம். பிக்சர் லாக் ஆகிவிட்டது, அதாவது ஷாட்களின் வரிசையும் நீளமும் இனி மாறாது என்றால் சத்தம், கலர், சப்டைட்டில் மட்டும்தான் அவர் கையில் இருக்கும். நாளைக்கே விழாவுக்கு அனுப்புகிறார் என்றால் வாழ்த்துச் சொல்லிவிட்டு, மீதியை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுத்து, நடிகர்கள் ஊருக்குப் போன பிறகு "அந்த சீனை வேற மாதிரி எடுத்திருக்கலாம்" என்று சொன்னால் அவருக்குத் தூக்கம் போவதைத் தவிர வேறு ஒன்றும் நடக்காது. உங்களுக்கு வந்த படத்தின் மூலையில் "தற்காலிக இசை" என்று எழுத்து ஓடுகிறது. அதனால் எடிட்டிங் இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

அப்புறம், நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? பஸ்ஸில், போனில், நடுவில் ஒரு அழைப்பு வந்து நிறுத்திப் பார்த்திருந்தால், "அலுப்புத் தட்டியது" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. பயம் நிறுத்தி நிறுத்திச் சேராது. முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். மனம் விலகிய இடம், உடம்பு ஏதாவது செய்த இடம், குழம்பிய இடம், இந்த மூன்றுக்கும் நிமிடத்தையும் நொடியையும் மட்டும் கிறுக்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பேய்ப்படத்தில் எந்தப் பயம் படத்தால் வருகிறது, எது சத்தத்தால் வருகிறது என்று பிரித்துத் தெரிவது அப்போதுதான்.

என் தாளில் இருந்தவை இவை. 2:10 முதல் 3:30 வரை மனம் விலகியது. 4:52-இல் தூக்கிவாரிப் போட்டது. 7:40-இல் சிலிர்த்தது. 9:20-க்கு மேல் மூடிய அறைக்குள் நடப்பதில் பயம் இல்லை. கடைசி ஷாட்டில் இரண்டு நொடி குழப்பம். "பயமே இல்ல மச்சி" என்பதைவிட இந்த ஐந்து வரி அவருக்கு உதவும். நீங்கள் எந்த நொடியில் என்ன ஆனீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அவர் அந்தப் படத்தை எடிட்டிங் டேபிளில் நூறு தடவை பார்த்திருப்பார், முதல் தடவை பார்ப்பவரின் கண் அவருக்கு இனிமேல் கிடைக்காது. அதைத்தான் உங்களிடம் கேட்கிறார்.

இனி கதைக்கு வருகிறேன். நீலியை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு வியாபாரி பழையனூர் வழியாகப் போகிறான். பேயிடமிருந்து காக்க அவன் கையில் ஒரு மந்திரக் கத்தி இருக்கிறது. அவனால் செத்த ஒருத்தி நீலி என்னும் பேயாகி, கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு "இவர் என் புருஷன்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுகிறாள். குழந்தை அவனை அப்பா என்கிறது. பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். "கத்தியைக் கொடுத்துவிட்டு அவளோடு போ, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது வேளாளர்களும் தீயில் இறங்குகிறார்கள். வடிவங்கள் பல உண்டு. திருவள்ளூர் பக்கம் திருவாலங்காட்டையொட்டி இன்றும் இந்தக் கதை உயிரோடு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே, வஞ்சித்து ஒருவனின் வாழ்நாளைக் கொண்ட ஒருத்தியைப் பற்றிய குறிப்பு வருகிறது. "நீலிக்கண்ணீர்" என்று நாம் வாய்க்கு வாய் சொல்வதும் இவளை வைத்துத்தான்.

ஆக, படம் பார்க்க உட்காரும் பாதிப் பேருக்கு முடிவு முன்பே தெரியும். பாட்டி கதையைப் பேய்ப்படமாக எடுக்கும் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. "சஸ்பென்ஸ் இல்லை" என்று கருத்துச் சொல்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் கொடுத்த நீண்ட பேட்டியில் சொன்ன மேசைக்கு அடியில் வெடிகுண்டு உதாரணம் நினைவிருக்கலாம். குண்டு திடீரென்று வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்து, மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் 15 நிமிடத் தவிப்பு. தெரிந்த கதை என்பது குண்டு ஏற்கனவே மேசைக்கு அடியில் இருப்பது போலத்தான். அது உங்கள் நண்பருக்கு இலவசமாகக் கிடைத்த பலம். அந்தக் குண்டை அவர் நமக்கு எப்போது நினைவூட்டுகிறார், எவ்வளவு நேரம் பார்க்க விடுகிறார் என்பதைப் பற்றித்தான் நீங்கள் பேச வேண்டும்.

நீலி கதையில் அந்தக் குண்டு கத்தி. படத்தில் 1:40-இல் ஜோசியர் அதைக் கொடுக்கும் காட்சி நன்றாக இருக்கிறது. மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுக்கிறார், அவன் இடுப்பில் செருகிக்கொள்கிறான். அந்தக் கத்தி கைமாறும் இடம் 8:50. பெரியவர் "பொண்டாட்டி புள்ளைக்கு முன்னாடி எதுக்குப்பா கத்தி, கொடு" என்கிறார். ஆலமரத்தடி முழுக்கத் தெரியும் தூர ஷாட். கூட்டத்துக்கு நடுவே கத்தி கைமாறுவது மூன்று நொடிகூட இல்லை, அதுவும் இசைக்கு அடியில் போய்விடுகிறது. கதை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும் நொடி அது. அவன் சாவது அறைக்குள்ளே இல்லை, இங்கேதான். 9:20-க்கு மேல் எனக்குப் பயம் வராததற்குக் காரணம் அறைக்குள் இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான், அது அரை நிமிடம் முன்னாலேயே நடந்துவிட்டது என்று புரிந்தது. கடைசி ஷாட்டில் பெரியவர் விடியற்காலையில் வாசற்படியில் ஒரு கத்தியை வைக்கிறார். எவ்வளவு அழகான முடிவு! ஆனால் அது எந்தக் கத்தி என்று நினைவுக்கு வர எனக்கு இரண்டு நொடி ஆகிவிட்டது.

இதை எப்படிச் சொல்வது? "அங்கே க்ளோசப் வை" என்று சொல்லாதீர்கள். "கடைசியில் கத்தியைப் பார்த்ததும் எனக்கு உடனே புரியவில்லை, 8:50-இல் கைமாறியதை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை" என்று சொல்லுங்கள். மருந்து என்ன என்பதை அவர் கண்டுபிடிப்பார். அவரே கேட்டால் மட்டும், இரண்டு கையும் ஒரு கத்தியும் இருந்தால் வீட்டு மொட்டை மாடியிலேயே கத்தியை மட்டும் கிட்டத்தில் காட்டும் ஓர் இன்சர்ட் ஷாட் எடுத்துவிடலாம், நடிகர் முகம்கூடத் தேவையில்லை என்று சொல்லலாம்.

அடுத்ததுதான் இந்தப் படத்தில் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படம் கறுப்புத் திரையில், பாட்டியின் குரலில் "ஒரே ஒரு ஊர்ல" என்று தொடங்குகிறது. பழையனூர் என்ற பெயரை எங்குமே சொல்லவில்லை. எழுபது பேர் ஐந்து பேராகி, தீ ஒரு சட்டியளவு நெருப்பாகிவிட்டது. காசில்லாததால் செய்ததாக இருந்தாலும் அது மாயக்கதைக்கு (ஃபேரி டேல்) பொருந்துகிறது. மாக்ஸ் லூத்தி என்று ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வாளர் இருந்தார். 1947-இல் ஐரோப்பிய மாயக்கதைகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில், மாயக்கதைக்கும் ஊர்ப்புறத்து ஐதீகக் கதைக்கும் ஒரு வேறுபாடு காட்டுகிறார். ஐதீகக் கதையில் ஊர்ப்பெயர் இருக்கும், பேயைக் கண்டவன் நடுங்கிப்போவான். மாயக்கதையில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கிரிம் சகோதரர்கள் 1812-இல் பதிப்பித்த சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓநாய் வாய் திறந்து பேசுகிறது, அந்தப் பெண் "ஐயோ ஓநாய் பேசுகிறதே" என்று கேட்பதில்லை, பாட்டி வீட்டுக்கு வழி சொல்கிறாள். கேட்கும் நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

உங்கள் நண்பரின் படம் முதல் நான்கரை நிமிடம் இந்த விதியில்தான் போகிறது. 4:40-இல் நீலி கள்ளிக்கொம்பை ஒடித்துத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கிறாள், அது குழந்தையாகி அழுகிறது. அசையாத கேமரா, இசை இல்லை. அந்தப் பத்து நொடியை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். உடனே 4:52-இல் வியாபாரி அலறுகிறான், நீலியின் முகம் வெள்ளைக் கண்ணும் ரத்த வாயுமாகத் திரையை நிறைக்கிறது, காதைப் பிளக்கும் சத்தம். தூக்கிவாரிப் போட்டது உண்மைதான். ஆனால் அந்த நொடியில் பாட்டி சொல்லிக்கொண்டிருந்த கதை நின்றுபோய் வேறொரு படம் தொடங்கிவிட்டது. முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டதால், பிறகு அறைக்குள் அவள் மெல்லத் திரும்பும்போது எனக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை.

இதுவும் என் கருத்துத்தான். அவர் வேண்டுமென்றே கதையை அந்த இடத்தில் உடைத்திருக்கலாம். அதனால் முதலில் கேள்வியாகக் கேளுங்கள்: "இந்த உலகத்தில் இருப்பவர்களுக்குப் பேய் சகஜமா, இல்லை அதிர்ச்சியா?" இந்த ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை வைத்து அலறல், முகம், சத்தம் மூன்றையும் அவரே முடிவு செய்துகொள்வார். மாயக்கதைப் பேய்ப்படம் எடுக்கும் யாரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-இல் ஒரு கருத்துப் பரிமாற்ற முறையை உருவாக்கினார். நான்கு படிகள். முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது, மனதில் நின்றது எது என்று சொல்வார்கள். பிறகு படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். அதன்பின் பார்த்தவர்கள் சார்பில்லாத கேள்விகள் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "இதைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா" என்று அனுமதி கேட்டு. நடனத்துக்காகத் தொடங்கிய முறைதான் என்றாலும் குறும்படத்துக்கு அப்படியே பொருந்துகிறது. சார்பில்லாத கேள்வி என்றால் என்ன? "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?" என்பது கேள்வி மாதிரித் தெரிந்தாலும் குற்றச்சாட்டு. "ராத்திரிக் காட்சியில் முகம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்று கேட்டால் அவர் யோசிப்பார். நம் ஊரில் இரண்டாம் படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். "உனக்கு எந்த இடத்தில் சந்தேகம்?" என்று படம் எடுத்தவரிடம் கேட்டுப் பாருங்கள். பாதிக் குறையை அவரே சொல்லிவிடுவார், நீங்கள் வாய் திறக்கும் வேலையே இருக்காது.

முதல் படியில் சொல்ல உங்களிடம் நிறைய இருக்கிறது. 7:40-ஐச் சொல்லுங்கள். குழந்தை நடந்துவந்து வியாபாரியின் மடியில் ஏறி "அப்பா" என்கிறது. அதன் மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு சொட்டு. கொம்பு ஒடிந்த இடத்தில் கசியும் கள்ளிப்பால். நான் அறிந்த எந்த வடிவத்திலும் இது இல்லை, உங்கள் நண்பரின் சொந்தக் கற்பனை. 11:20-இல் அதே சொட்டு அவன் வேட்டியில் காய்ந்துபோய் இருக்கிறது. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை, கேமரா அங்கே நிற்கவும் இல்லை. இதைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும். "நல்லா இருந்துச்சு" என்று பொதுவாகப் பாராட்டினால் அடுத்த எடிட்டில் இதையே அவர் வெட்டிவிட வாய்ப்புண்டு. எது நன்றாக இருக்கிறது என்று நொடி சொல்லிப் பாராட்டினால்தான் அது பிழைக்கும்.

அந்தச் சொட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்கிறது, அதை மென்மையாகக் கேளுங்கள். குழந்தையும் கள்ளிப்பாலும் ஒரே ஷாட்டில் வந்தால் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பெண் சிசுக்கொலை நினைவுக்கு வரும். அந்த அவலத்தைத் தடுக்கத்தான் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்கப்பட்டது. அது தெரிந்துதான் வைத்தாரா? தெரிந்து வைத்திருந்தால் படம் நான் நினைத்ததைவிட ஆழமானது, நீலியின் கோபத்துக்கே வேறொரு பொருள் கிடைக்கிறது. தெரியாமல் வைத்திருந்தால், பார்வையாளர் அங்கே போய்விடுவார்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். விழா மேடையில் யாராவது இதைக் கேட்கும்போது அவர் முதல் தடவை கேட்பதாக இருக்கக் கூடாது. கூடவே இன்னொன்று. அடுத்த முறை எடுக்கும்போதும் நிஜக் கள்ளிப்பாலைக் குழந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அரிசிக் கஞ்சி கேமராவுக்கு அப்படியே பாலாகத் தெரியும்.

சரி, சின்னச் சின்ன விஷயங்கள். 2:10-இல் வரும் ட்ரோன் ஷாட் எண்பது நொடி. பனங்காடு அழகுதான், ஆனால் மேலிருந்து பார்க்கும்போது அவன் தனியாக நடக்கிறான் என்பதே மறந்துபோகிறது. இரவுக் காட்சிகளை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்த போனில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் ஏற்றியதும் இருட்டுப் பகுதிகள் இன்னும் கட்டம் கட்டமாக உடையும். அறைக்குள் பேசும் வசனத்துக்கு அடியில் அறையின் சொந்தச் சத்தம் இல்லை, அதனால் பேச்சு நின்றதும் காது அடைத்த மாதிரி இருக்கிறது. ஆந்தைச் சத்தம் நாலு இடத்தில் ஒரே பதிவு.

சொல்லக் கூடாதவை என்று பார்த்தால், "இன்னும் கொஞ்சம் பட்ஜெட் இருந்திருந்தா" என்ற வாக்கியத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அவரிடம் இல்லாததைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும். பெரிய படம் ஒன்றின் பெயரைச் சொல்லி "அது மாதிரி" என்பதும் வேண்டாம். நடிகரின் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம், நடிப்பைப் பற்றிப் பேசலாம்.

முடிவை மாற்றி எழுதித் தருவதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். இதை நான் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் இயக்குநர் தன் முதல் படத்தைக் கொண்டுவந்தார். கிணற்றடியில் முடியும் கதை. முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, வேறொன்று சொன்னேன், உற்சாகமாகச் சொன்னேன். என்மேல் உள்ள மரியாதையில் அவரும் அப்படியே மாற்றிவிட்டார். திரையிட்டபோது கைதட்டல் வந்தது. அவர் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை, அது தன் படம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிணற்றடி முடிவில் எந்த இடம் எனக்குப் புரியவில்லை என்பதை மட்டும் சொல்லியிருந்தால், அவர் அதையே சரிசெய்திருப்பார். இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாட்ஸப்பில் ஐந்து குரல் பதிவு அனுப்ப மாட்டேன். ஒரே கடிதமாக, பகல் நேரத்தில், ஏறக்குறைய இப்படி எழுதி அனுப்புவேன்:

"டேய், படத்தை மூணு தடவை பார்த்தேன். அந்தக் குழந்தை கையில இருக்கிற கள்ளிப்பால் சொட்டு ராத்திரி முழுக்க மனசுல இருந்துச்சு. 11:20-ல வேட்டியில அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துச்சு. கொம்பு குழந்தையாகிற ஷாட்ல ஒரு நொடியைக்கூடத் தொடாதே. உனக்கு எந்த இடம் உறுத்துதுன்னு முதல்ல சொல்லு. எனக்கு ரெண்டு கேள்வி இருக்கு. உன் கதையில பேயைப் பார்த்தா ஜனங்க ஆச்சரியப்படுவாங்களா, மாட்டாங்களா? கள்ளிப்பால் வச்சப்போ சிசுக்கொலை உன் மனசுல இருந்துச்சா? 2:10-லிருந்து 3:30 வரைக்கும் என் கவனம் போயிடுச்சு. 8:50-ல கத்தி கைமாறினதை நான் கவனிக்கல, அதனால கடைசி ஷாட் ரெண்டு நொடி லேட்டாத்தான் புரிஞ்சுது. 4:52-ஐப் பத்தி ஒரு அபிப்பிராயம் இருக்கு, வேணும்னா கேளு, சொல்றேன்."

கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் கேட்டால் அலறலையும் முகத்தையும் பற்றிச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம், மற்றதை வைத்து அவரே அங்கே வந்துசேருவார். பதில் வர ஒரு வாரம் ஆனாலும் "பார்த்தியா" என்று கேட்காதீர்கள். முதல் நாள் கோபம் வரும், மூன்றாம் நாள் மறுபடி படத்தைப் போட்டுப் பார்ப்பார்.

அடுத்த கட் வந்ததும் எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கத்தி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.